இடைக்கால நாடகத்தை ஆடிப் பார்த்துக் கற்பது எப்படி: மூன்று நாடகங்கள், எட்டு வாரங்கள்

ஐரோப்பிய இடைக்கால நாடகங்களைப் புத்தகத்தில் மட்டும் படிப்பவருக்கு அவை வறண்டு கிடப்பதாகத் தோன்றும். கதை தெரிந்த விவிலியக் கதை, வசனம் நீளம், திருப்பம் என்று எதுவும் கிடையாது. ஏட்டில் இருப்பது பாதிதான் என்பதே காரணம். மீதி வண்டிச் சக்கரத்திலும் ஆணியிலும் துணியிலும் தெருவின் அகலத்திலும் இருக்கிறது. ஆடிப் பார்த்தால்தான் அது பிடிபடும். கல்லூரி நாடகக் குழுவோ, பங்கு இளைஞர் குழுவோ, வாசிப்பு வட்டமோ, எட்டுப் பேரும் எட்டு வாரமும் இருந்தால் போதும், மூன்று குறு நாடகங்களை மேடையேற்றிவிடலாம். முதலாவது, 970 வாக்கில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் எழுதிவைக்கப்பட்ட கல்லறைக் காட்சி. இரண்டாவது, யார்க் நகரத்து ஆணி செய்பவர்கள் நடத்திய சிலுவை நாடகம். மூன்றாவது, டூர்னே நகரத்து 'சிறுவனும் குருடனும்' என்னும் பிரெஞ்சுக் கேலி நாடகம்.

தொடங்குமுன் தலையில் இருக்கும் ஒரு படத்தைக் கழற்றி வையுங்கள். கோயிலுக்குள் லத்தீனில் பிறந்த நாடகம் மெல்லப் படியிறங்கி முற்றத்துக்கு வந்தது, பிறகு தெருவுக்கு வந்தது, மக்கள் மொழிக்கு மாறியது, கடைசியில் சமயத்தை உதறிவிட்டு உலகியல் நாடகமானது என்று பழைய பாடநூல்கள் சொல்லும். 1903-இல் இ. கே. சேம்பர்ஸ் எழுதிய பெருநூல் இந்தப் பார்வையை நிலைநாட்டியது, 1965-இல் ஓ. பி. ஹார்டிசன் அதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆண்டுகளை வரிசையாக வைத்தாலே படிக்கட்டு இடிந்துவிடும். பிரெஞ்சு மொழி ஆதாம் நாடகம் 12-ஆம் நூற்றாண்டு. ஆராஸ் நகரத்தில் ஆதாம் த லா ஆல் என்னும் கவிஞர் தன் ஊர்க்காரர்களையே கேலி செய்து ஆடவைத்த நாடகம் 1276 வாக்கில். யார்க் வண்டி நாடகங்களின் முதல் பதிவோ அதற்கு நூறு ஆண்டு கழித்து, 1376-இல். கோயிலுக்குள் பாடப்பட்ட லத்தீன் காட்சிகள் 16-ஆம் நூற்றாண்டு வரை பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தன. ஆகவே மூன்றையும் வளர்ச்சிப் படிகளாக அறிவிக்காதீர்கள். மூன்று வேறு இடங்கள், மூன்று வேறு தேவைகள் என்று அறிவியுங்கள்.

முதல் வாரம்: தரையைப் பிரிப்பது

வசனத்தைத் தொடாதீர்கள். முதலில் தரை. இடைக்கால மேடையில் இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று பெயருள்ள இடம்: சொர்க்கம், கல்லறை, ஏரோதின் அரண்மனை. ஒரு நாற்காலியோ ஒரு திரையோ போதும், அது அந்த இடமாகிவிடும். மற்றது பெயரில்லாத பொதுத்தரை. அதில் நடப்பவர் எங்கே போகிறேன் என்று சொல்கிறாரோ அதுவே ஊர். லத்தீனில் முன்னதை லோகுஸ் என்றும் பின்னதை பிளாத்தேயா என்றும் சொல்வார்கள். கூத்துக் களரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் காட்டைக் கடந்ததாக நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

பயிற்சிக்கு ஆதாம் நாடகத்தின் மேடைக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்காலத்திலிருந்து நமக்குக் கிடைத்த மிக நுணுக்கமான குறிப்புகளில் அது ஒன்று. சொர்க்கம் உயரமான இடத்தில் இருக்க வேண்டும். அதைச் சுற்றிப் பட்டுத் துணி கட்ட வேண்டும்; உள்ளே நிற்பவர்கள் தோளுக்கு மேலே மட்டும் தெரிய வேண்டும். மணமுள்ள பூவும் தழையும், பழம் தொங்கும் மரங்களும் வேண்டும். ஆதாமுக்குச் சிவப்பு அங்கி, ஏவாளுக்கு வெள்ளை உடை. நடிகர்களுக்கும் கட்டளை உண்டு: பதில் சொல்வதில் அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது, ஓர் அசையைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, சொர்க்கத்தின் பெயரைச் சொல்பவர் அதைப் பார்த்துக் கையால் சுட்ட வேண்டும்.

இந்தக் கடைசிக் கட்டளையைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். தரையில் நான்கு மூலைக்கு நான்கு பெயர் வைத்து, பெயர் சொல்லும்போதெல்லாம் அந்தத் திசையைக் கையால் காட்டி ஒரு மணி நேரம் பேசிப் பழகுங்கள். கை காட்டாமல் பேசினால் பத்து நிமிடத்தில் பார்ப்பவருக்கு எந்த மூலை எது என்பது மறந்துபோகும்.

இரண்டாம் வாரம்: வின்செஸ்டர் கல்லறைக் காட்சி

நான்கு பேர், பத்து நிமிடம். ஆயர் எத்தல்வோல்ட் காலத்து மடவிதி நூல் இதை நடத்தும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. வேண்டிய பொருள்கள்: தூபக்கலசம் மூன்று, குருத்தோலை ஒன்று, இரண்டு மீட்டர் வெள்ளை லினன் துணி, கல்லறையை மறைக்க நான்கு மீட்டர் திரை, ஒரு வெள்ளை நீளங்கி, தோளிலிருந்து கால்வரை விழும் மூன்று மேற்போர்வைகள். கோயிலுக்குள் செய்வதாக இருந்தால் பங்குக் குருவின் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். வழிபாட்டுக்குரிய கலங்களை எடுக்காமல் தனியாகச் செய்துகொள்வதே முறை.

நடப்பது இதுதான். பெரிய வெள்ளியன்று ஒரு சிலுவையைத் துணியில் சுற்றிப் பலிபீடத்தருகே திரை மறைவில் வைத்திருப்பார்கள்; அதுதான் கல்லறை. உயிர்ப்பு ஞாயிறு விடியுமுன் யாருக்கும் தெரியாமல் சிலுவையை எடுத்துவிட்டுத் துணியை மட்டும் விட்டுவிடுவார்கள். விடியல் செபத்தில் வாசகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வானதூதராக நடிக்கும், நீளங்கி அணிந்த ஒருவர் வேறு ஏதோ வேலையாக வருபவரைப் போல வந்து, ஓசைப்படாமல் கல்லறையருகே குருத்தோலையுடன் உட்காருகிறார். அடுத்த பாடலின்போது, இயேசுவின் கல்லறைக்கு வந்த மரியாள்களாக மூவர் தூபக்கலசம் ஏந்தி, எதையோ தேடுகிறவர்களைப் போல அடிமேல் அடி வைத்து வருகிறார்கள். அமர்ந்திருப்பவர் நடுத்தரமான இனிய குரலில் தொடங்குகிறார்:

கல்லறையில் யாரைத் தேடுகிறீர்கள், கிறிஸ்துவின் அடியவர்களே?
சிலுவையில் அறையுண்ட நாசரேத்து இயேசுவை, விண்ணவரே.
அவர் இங்கே இல்லை; முன்பு சொன்னபடியே எழுந்துவிட்டார். போய் அறிவியுங்கள்.

மூவரும் பாடகர் குழுவின் பக்கம் திரும்பி அல்லேலூயா பாடுகிறார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து, 'வந்து இடத்தைப் பாருங்கள்' என்று திரையை விலக்குகிறார் வானதூதர். அவர்கள் தூபக்கலசங்களைக் கீழே வைத்துவிட்டு, வெறும் துணியை விரித்து எல்லோருக்கும் காட்டிப் பாடி, அதைப் பலிபீடத்தின்மேல் வைக்கிறார்கள். மடத்தலைவர் நன்றிப் பாடலைத் தொடங்க, மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலிக்கின்றன.

இங்கே கெடுவது இரண்டு விஷயம். ஒன்று, மரியாள்களாக வருபவர்கள் திரைப்படத்தில் அழுவதுபோல் அழத் தொடங்குவது. மூலத்தில் இம்மூவரும் ஆண் துறவிகள். பெண் குரலோ ஒப்பனையோ கிடையாது. மெதுவான நடையும் தேடும் பார்வையுமே வேடம். அழுகை சேர்ந்தால் வெறும் துணி விரியும் கணத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும். மற்றது தூபம். கரியைக் காட்சிக்குக் கால்மணி நேரம் முன்பே பற்றவைத்துச் சாம்பல் பூக்கவிட வேண்டும். வாசலில் நின்று பற்றவைத்தால் நடிகர்கள் தேடுவது கல்லறையை அல்ல, நெருப்பை என்றாகிவிடும். மெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வின்செஸ்டர் ஏடுகளின் இசைக்குறிகள் சுர உயரத்தைத் துல்லியமாகக் காட்டாதவை. ஒரே சுரத்தில் ஓதி, வரி முடிவில் மட்டும் இறக்கினால் போதும்.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: யார்க் சிலுவை

உங்கள் நேரத்தில் பாதியை இது எடுத்துக்கொள்ளும். அதற்குத் தகுதியும் உண்டு. கார்ப்புஸ் கிறிஸ்டி எனப்படும் நற்கருணைத் திருநாள் மே கடைசியிலோ ஜூனிலோ வரும், வட இங்கிலாந்தில் பகல் நீளமான காலம். அன்று யார்க் நகரத்துக் கைத்தொழிற் சங்கங்கள் உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை ஆளுக்கொரு நாடகத்தை வண்டியில் ஏற்றி இழுத்து வந்தன. கப்பல் கட்டுபவர்கள் நோவாவின் பேழையைக் கட்டினார்கள். ரொட்டி சுடுபவர்கள் இறுதி இராவுணவை நடத்தினார்கள். ஆணி செய்பவர்களுக்குச் சிலுவையில் அறைதல். கையெழுத்து ஏட்டில் 47 நாடகங்கள் இருக்கின்றன. நம்மூரில் சப்பரம் மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்பதுபோல, வண்டி ஒவ்வொன்றும் வழக்கமாகப் பன்னிரண்டு நிலைகளில் நின்று நின்று ஆடும். நடிகர்கள் விடியற்காலை நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் வண்டியருகே தயாராக இருக்க வேண்டும் என்பது நகரசபை ஆணை. நம் நாடகம் 300 வரி, இருபது நிமிடம். பன்னிரண்டு நிலைக்கு ஆடுநேரம் மட்டும் நான்கு மணி. ஒரே நாளில் ஒரே ஆள் பன்னிரண்டு முறை சிலுவையில் ஏறி இறங்கினார் என்று நினைத்துப் பாருங்கள்.

பனுவல் முதலில் அச்சானது 1885-இல், லூசி டூல்மின் ஸ்மித் பதிப்பில். மொழி கடினம், ஆகவே ஒரு நவீன பதிப்பையும் பக்கத்தில் வைத்துத் தமிழாக்குங்கள். பன்னிரண்டு வரிகொண்ட 25 பாடல்கள். வரிகள் முதலெழுத்து ஒன்றி வருவதால், தமிழில் மோனையாகவே கொண்டுவரலாம். உரைநடையாக்கினால் வேலையின் தாளம் போய்விடும். 'இழு, இன்னும் இழு, எட்டவில்லை' என்கிற மாதிரி, மூச்சு வாங்கும் சிறு சிறு துண்டுகளாக உடைத்து நால்வருக்கும் பங்கிடுங்கள்.

நாடகத்தில் நடப்பது ஒரு வேலை. நான்கு வீரர்கள் ஒருவரைச் சிலுவைமேல் கிடத்துகிறார்கள். ஆணித்துளைகள் தள்ளித் துளைக்கப்பட்டிருக்கின்றன. கை ஓரடிக்கு மேல் எட்டவில்லை. கயிறு கட்டி இழுத்து எட்டவைக்கிறார்கள். தூக்கும்போது தோள் கழன்றுவிட்டது, மூச்சு முட்டுகிறது என்று புலம்புகிறார்கள். நட்டுவைக்கும் குழி அகலமாகிவிட்டதால் மரம் ஆடுகிறது, ஆப்பு அடிக்கிறார்கள். அளவு தவறிய தச்சு வேலையைத் திட்டிக்கொண்டே கொலை செய்து முடிக்கிறார்கள். கிறிஸ்து அவர்களோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவர் வாய் திறப்பது இரண்டே முறை: கிடத்தப்படுமுன் தந்தையை நோக்கி ஒரு பாடல், தூக்கி நிறுத்தியபின் தெருவில் போவோரை நோக்கி ஒரு பாடல். வீரர்கள் பொல்லாதவர்களாக உறுமினால் நாடகம் செத்துவிடும். சம்பளத்துக்கு வேலை செய்யும் நான்கு ஆட்கள், அவ்வளவுதான். பழியை யூத மக்கள்மேல் சுமத்திய பாடுகளின் நாடகங்கள் இடைக்காலத்தில் ஏராளம், அவற்றால் விளைந்த கேடும் பெரிது. முதல் முயற்சிக்கு இந்த நாடகத்தை எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டி: பத்தடிக்கு ஆறடித் தளம், தரையிலிருந்து நான்கடி உயரம். உயரத்தைக் குறைக்காதீர்கள். நான்கடித் தளத்தில் சிலுவை படுத்திருக்கும்போது, தெருவில் நிற்பவருக்குக் குனிந்த முதுகுகளும் ஓங்கும் சுத்தியலும் மட்டும்தான் தெரியும். அடிபடுபவரைப் பார்க்க முடியாது. வீரர்களின் புலம்பலைக் கேட்டு மக்கள் சிரிக்கக்கூடச் செய்வார்கள். பிறகு சிலுவை எழும்பும். அதுவரை தாங்கள் எதைக் கேட்டுச் சிரித்தோம் என்பது அப்போதுதான் கண்முன் நிற்கும். இரண்டடித் தளத்தில் ஆடினால் இந்த அடி விழாது.

சிலுவை: நெடுமரம் பத்தடி, குறுக்குமரம் ஆறடி, நான்குக்கு நான்கு அங்குலச் சட்டம். எடை சுமார் 30 கிலோ வரும். 60 கிலோ ஆளோடு சேர்ந்தால் 90. இதைத் தூக்க நால்வரும் உண்மையாகவே திணறுவார்கள், நடிக்க வேண்டியதில்லை. இரு மரமும் சேரும் இடத்தில் வெட்டிப் பொருத்துவதால் வலு குறையும், ஆகவே முன்னும் பின்னும் இரும்புத் தகடு வைத்து நான்கு போல்ட் போடுங்கள். பாதத்துக்கு ஆறங்குல அகலக் கட்டை வேண்டும். இடுப்பில் பாதுகாப்புக் கச்சை கட்டி அரைத்துணியால் மறைத்து, பின்னால் மரத்தோடு மாட்டுங்கள். மணிக்கட்டுக்குத் தோல் வளையம். உடல் எடை முழுவதும் காலிலும் கச்சையிலும் நிற்க வேண்டும். கையில் தொங்கினால் சில நிமிடத்தில் மூச்சு அடைக்கத் தொடங்கும். ஆணி என்பது மரத்தில் முன்பே செருகிய தலை மட்டும். விரல்கள் அதைப் பற்றிக்கொள்ளும். சுத்தியல் விழுவது கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரத்தின் மறுபக்க விளிம்பில்.

குழி ஆடுகிறது என்று வசனம் சொல்லும். உங்கள் குழி ஆடவே கூடாது. வண்டிச் சட்டகத்தோடு போல்ட் செய்த இரும்புக் கூட்டுக்குள் நெடுமரம் ஒன்றரை அடி இறங்க வேண்டும். குறுக்கே ஒரு இரும்பு ஊசி செருகிப் பூட்டியபின்தான் வீரர்கள் ஆப்பு அடிக்கும் நடிப்பைத் தொடங்கலாம். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. ஆளை ஏற்றுமுன், 80 கிலோ மணல் மூட்டை கட்டிப் பத்து முறை தூக்கி நிறுத்திப் பாருங்கள். அதில் ஒருமுறை சறுக்கினாலும் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

இதை மிகையென்று நினைப்பவர்கள் 1437-இல் மெட்ஸ் நகரத்தில் நடந்ததை நினைவில் வைக்க வேண்டும். கிறிஸ்துவாக நடித்த குருவானவர் சிலுவையில் உயிர்போகும் நிலைக்கு வந்துவிட, இறக்கிவிட்டு வேறொரு குருவை ஏற்றி நாடகத்தை முடித்தார்கள். அதே நாடகத்தில் யூதாசாகத் தூக்கில் தொங்கியவரும் நினைவிழந்து, அவசரமாக இறக்கி வினிகர் தேய்த்துத் தேற்ற வேண்டியிருந்தது. உங்கள் நாடகத்தில் கிறிஸ்து சிலுவையில் நிற்கும் நேரம் மூன்று நான்கு நிமிடம்தான். முன்கூட்டியே ஒரு சைகை பேசி வையுங்கள். இடது கைக் கட்டைவிரலை மடக்கினால் உடனே இறக்குவது, வசனம் எங்கே நின்றாலும் சரி.

பின்னணித் துணிக்கும் உடைக்கும் மாதிரி வேண்டுமானால், யார்க் வணிகர் சங்கம் 1433-இல் தன் தீர்ப்புநாள் வண்டிக்கு எழுதிய பொருள்பட்டியலைப் பாருங்கள். நான்கு சக்கர வண்டி, நரக வாய், இருபுறமும் முகமுள்ள பேய் முகமூடி மூன்று, கடவுளுக்குக் காயம் தீட்டிய சட்டையும் பொன்பூசிய முகமூடியும், வண்டியின் பின்புறத்துக்குச் சிவப்புத் துணி, மரத்தால் செய்த வானவில் துண்டு இரண்டு, கடவுள் மேலே ஏற நான்கு மூலையிலும் கயிறு கட்டிய இரும்பு இருக்கை. வானத்தில் ஓட ஒன்பது சிறு சிவப்பு வானதூதர்களும், அவர்களை ஓடவைக்க ஒரு நீளக் கயிறும்கூட உண்டு. பக்தியும் பணமும் தச்சும் ஒரே வண்டியில் எப்படி ஏறின என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சிலுவை வண்டிக்கு இவ்வளவு தேவையில்லை. பின்னால் ஒரு சிவப்புத் துணி போதும்.

ஆடும் இடத்துக்கு மைதானத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திறந்தவெளி குரலைத் தின்றுவிடும். இருபக்கமும் சுவருள்ள, இருபதடி அகலத் தெருவோ இரு கட்டடத்துக்கு நடுவிலுள்ள சந்தோ போதும். ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும். 25 நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ உருக்கத்தைத் திணிக்கிறீர்கள் என்று பொருள். வசனத்தின் வேகத்தைக் கூட்டுங்கள், தூக்கும் கணத்தை மட்டும் மெதுவாக்குங்கள்.

ஏழாம் வாரம்: டூர்னே

இரண்டு பேர், 265 வரி, பதினைந்து நிமிடம். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. கிடைத்திருக்கும் பிரெஞ்சுக் கேலி நாடகங்களில் மிகப் பழையது இதுவே என்பார்கள். பிச்சையெடுக்கும் குருடர் ஒரு சிறுவனைத் துணைக்கு அமர்த்திக்கொள்கிறார். சிறுவன் ஒதுங்கிப்போய், வேறு ஆள் போலக் குரலை மாற்றித் திட்டி அவரை அடிக்கிறான். உடனே தன் குரலுக்குத் திரும்பி வந்து அனுதாபப்படுகிறான். கடைசியில் பணத்தையும் உடையையும் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

தொழில்நுணுக்கம் முழுவதும் குரலில்தான். சிறுவன் முகபாவத்தை மாற்றவே கூடாது. குரல் மட்டும் மாற வேண்டும். பார்ப்பவர் ஒருவரைப் பார்க்க, குருடர் இருவரைக் கேட்கிறார். நகர்வும் இரண்டடிதான். ஓடி ஒளிந்தால் வேடிக்கை போய்விடும். அடியைக் கையால் அடிக்காதீர்கள். அடிப்பவர் தன் தொடையைத் தட்டி ஓசை எழுப்ப, வாங்குபவர் அதே கணத்தில் திரும்ப வேண்டும். குருடரைப் பரிதாபத்துக்குரியவராகவும் ஆக்க வேண்டாம், குறையைக் கேலிப்பொருளாகவும் ஆக்க வேண்டாம். அவர் பணத்தைப் பதுக்கி வைத்துக்கொண்டு பிச்சையெடுக்கும் பேர்வழி. சிரிப்பு அந்தப் போலித்தனத்தின்மேல் விழட்டும். ஒரு பாய் விரிக்கும் இடம் இருந்தால் ஆடலாம். மேடையே வேண்டாம். யார்க் வண்டியின் செலவை எழுதிய அதே நோட்டில் இதன் செலவையும் எழுதுங்கள்: ஒரு கோல், ஒரு கிண்ணம். உலகியல் நாடகம் இவ்வளவு குறைவாகப் பதிவாகியிருப்பதற்கு ஒரு காரணம் இந்த நோட்டிலேயே தெரியும். சங்கம் செலவிட்டால் கணக்கு எழுதப்படும், கணக்கு மிஞ்சும். இரண்டு பேர் தெருமுனையில் ஆடினால் யார் எழுதப் போகிறார்கள்?

எட்டாம் வாரம்: தேர்வு, ஏடு, நெருப்பு

யார்க் நகரசபை 1476-இல் ஓர் ஆணை போட்டது. தேர்ந்த நடிகர்கள் நால்வர் எல்லா நடிகர்களையும் சோதிக்க வேண்டும். திறமை, குரல், தோற்றம் இவற்றில் குறையுள்ளவர்களை நீக்க வேண்டும். ஒரே நாளில் யாரும் இரண்டு நாடகங்களுக்குமேல் நடிக்க அமர்த்தப்படக் கூடாது, மீறினால் 40 ஷில்லிங் அபராதம். அதில் முதல் பாதியை நீங்களும் செய்யுங்கள். குழுவில் நடிக்காத இருவரைத் தெருவின் கடைசியில் நிறுத்தி, கேட்காத வரிகளை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல்தான் கடைசி ஒத்திகை.

வசனம் மறப்பவருக்கு வெட்கம் வேண்டாம். கார்ன்வால் நாடகங்களைப் பற்றி 1602-இல் ரிச்சர்ட் கேரு எழுதியிருக்கிறார்: நடிகர் பாடம் செய்வதில்லை, ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் பின்னாலேயே நடந்து மெல்லச் சொல்லிக்கொடுப்பார். அண்ணாவியார் களரியிலேயே நின்று ஆட்டத்தை நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஏடு வைத்திருப்பவரை மறைக்காமல் மேடையிலேயே நிற்கவைக்கலாம்.

நெருப்பைத் தவிருங்கள். 'விடாமுயற்சிக் கோட்டை' என்னும் ஒழுக்க நாடகத்தில் பேய்த்தலைவனின் கையிலும் காதிலும் ஆசனத்திலும் குழாய் வைத்து வெடிமருந்து எரியவேண்டும் என்று குறிப்பே இருக்கிறது. படிக்க உற்சாகமாகத்தான் இருக்கும். 1496-இல் பிரான்சின் சேர் நகரத்தில் சாத்தானாக வந்தவரின் பின்புறத்தில் தீப்பற்றிய கதையையும் சேர்த்துப் படியுங்கள். தூபக் கரிக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு ஈரச் சாக்கு. அதற்குமேல் நெருப்பு வேண்டாம்.

ஆடி முடித்ததும் வண்டியை அப்படியே மழையில் விட்டுவிட்டுக் கலைந்து போகாதீர்கள். குறுக்குமரத்தைக் கழற்றி, போல்ட்களுக்கு எண்ணெய் தடவி ஒரு பையில் போட்டு நெடுமரத்தோடு கட்டுங்கள். சக்கரங்கள் தரையைத் தொடாதபடி செங்கல் அடுக்கி நிறுத்துங்கள், துணிகளை வேப்பிலை வைத்து மடியுங்கள். அடுத்த ஆண்டுக்கும் அதே வண்டிதான். 1376-இல் யார்க் நகரத்தார் எழுதிவைத்த அந்த முதல் பதிவில் நாடகத்தின் பெயரோ நடிகரின் பெயரோ இல்லை. நற்கருணைத் திருநாள் வண்டிகள் மூன்றை நிறுத்திவைத்திருந்த கட்டடம்தான் அதில் இருக்கிறது.